சாருக்கு மூக்கடைத்திருந்த மழைக்காலம்

எங்கள் ஆய்வகத்துக்குப் புது இயந்திரம் வந்திருக்கிறது. லேசர் கற்றை கொஞ்சம் வழி விலகினால் கண்ணாடிகள் தாமாகவே திரும்பிச் சரிசெய்துகொள்கின்றனவாம். இப்போது அங்கே வேலை பார்க்கும் பெண்கள் அதை வீடியோ எடுத்து எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பினார்கள். கையாலா இதையெல்லாம் திருப்பினீர்கள் என்று கேட்டிருந்தார்கள். ஆமாம், கையால்தான். அதற்கு அடுத்த செய்தியில், அந்தப் பூண்டுக் கதை உண்மைதானா என்று ஒரு கேள்வி.

நான் ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கதை ஆய்வகத்தில் பல வடிவங்களில் உலவுகிறது என்று தெரிகிறது. ஒரு வடிவத்தில் காட்டெருமை வருகிறது. இன்னொன்றில் நான் ஏணியிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொள்கிறேன். காட்டெருமை வரவில்லை. கையும் உடையவில்லை. நடந்தது நடந்தபடி ஓரிடத்தில் இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

நான் கொடைக்கானலில் பிறந்து வளர்ந்தவள். அப்பா மிஷன் பள்ளி ஒன்றில் தோட்ட வேலை பார்த்தார். அந்தப் பள்ளியிலேயே படித்து, கீழே இறங்கி இயற்பியலில் பட்டம் வாங்கி, மறுபடி மேலே ஏறி வந்து ஆய்வகத்தில் டெக்னிக்கல் அசிஸ்டென்டாகச் சேர்ந்தேன். முதல் சில வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. துடைத்தேன், அடுக்கினேன், கேபிள்களுக்குப் பெயர் எழுதி ஒட்டினேன். நடுவில் லேசர் பயிற்சிக்குப் பெங்களூர் அனுப்பினார்கள். அங்கே கற்றதில் மறக்காமல் நிற்பது ஒன்றுதான்: கற்றை ஓடும் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோகக் கூடாது, கீழே திருகு விழுந்தால் கண்ணை மூடிக்கொண்டு குனிய வேண்டும். அது எனக்கு அப்படியே ஊறிப்போய்விட்டது. இன்றும் வீட்டில் கரண்டி விழுந்தால் கண்ணை மூடிக்கொண்டுதான் குனிகிறேன். சமையல் மேடையில் நெற்றியை இடித்துக்கொள்கிறேன்.

எங்கள் கேட்டில் இருந்த பலகையில் ‘லேசர்’ என்ற சொல் இருந்ததால் சீசனில் பெரிய தொல்லை. ஏரியைச் சுற்றிவிட்டு, சாக்லேட் வாங்கிவிட்டு, குடும்பம் குடும்பமாக வந்து லேசர் ஷோ எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள். செக்யூரிட்டி முருகேசன் பொறுமையான மனிதர். மலையில் இன்னும் உள்ளே இருக்கும் பூண்டி கிராமத்துக்காரர். அவருக்கு அங்கே கொஞ்சம் நிலமும் இருந்தது. ஷோ என்று ஒன்று கிடையாது என்று விளக்கிப் பார்த்துச் சலித்துப்போய், கடைசியில் “இன்னைக்கு லீவுங்க” என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தார். அது நன்றாக வேலை செய்தது. நாளைக்கு வருகிறோம் என்று சந்தோஷமாகப் போய்விடுவார்கள்.

உள்ளே நாங்கள் செய்த வேலை இதுதான். ஒரு சின்னக் கண்ணாடித் துண்டின் மேல் வெள்ளியிலோ தங்கத்திலோ மெல்லிய கோடுகளை வரிசையாக, ஒரே இடைவெளியில் படிய வைப்போம். தலைமுடியின் தடிமனுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட கோடுகள் அடங்கிவிடும். வெறும் கண்ணுக்கு அது ஒரு பொட்டு அளவு மினுமினுப்பு. அதன்மேல் லேசர் துடிப்பு ஒன்று விழும். கோடுகள் எல்லாம் ஒரே சமயத்தில் சூடாகிச் சட்டென்று வீங்கும். அந்த வீக்கம் கண்ணாடியின் மேற்பரப்பைத் தட்டிவிட, பரப்போடு பரப்பாக ஓர் ஒலி அலை ஓடும். காதுக்குக் கேட்காது, நொடிக்குப் பல நூறு கோடித் தடவை அதிரும் அலை அது. கோடுகளின் இடைவெளி எவ்வளவோ அவ்வளவுதான் அலையின் நீளம். முதல் துடிப்புக்குப் பின்னால் கொஞ்சம் தாமதமாக இன்னொரு துடிப்பை அனுப்பி, அதில் திரும்பிவரும் வெளிச்சம் கூடிக் குறைவதை வைத்து அந்த அலையைப் பார்ப்போம். ஓர் அலையின் வேகத்தையும் அதிர்வையும் சரியாக அளந்தால், அது ஓடும் படலம் எவ்வளவு கனம், எவ்வளவு விறைப்பு என்றெல்லாம் தொடாமலே சொல்லிவிடலாம்.

இந்த வேலைக்குத் தலைவர் சிவநேசன் சார். பழநிக்காரர். அடிவாரத்தில் அவர்கள் குடும்பத்துக்கு பஞ்சாமிர்தக் கடை இருந்தது. அவரைப் போல மரியாதை தெரிந்த மனிதரை நான் பார்த்ததில்லை. மனிதர்களுக்கு மட்டுமில்லை, கருவிகளுக்கும் மரியாதை கொடுப்பார். காலையில் உள்ளே வரும்போது, “லேசர் எந்திரிச்சுட்டாங்களாங்க?” என்பார். கற்றை சரியாக வரவில்லையென்றால், “இன்னிக்கு அவங்களுக்கு மனசு இல்லை போல” என்பார். நாம் செய்தது தப்பென்றால் தப்பென்று சொல்ல மாட்டார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்று, இப்படிச் செய்வதில் என்ன வசதி என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர் மாதிரி கேட்பார். விளக்க ஆரம்பித்து நாலாவது வாக்கியத்தில் நமக்கே தெரிந்துவிடும். அவர் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்.

அவர் ஆய்வகத்தில் ஒரே ஒரு சட்டம் கண்டிப்பாக இருந்தது. ஒருவருடைய உடம்பு, உடுப்பு, சாப்பாடு, இந்த மூன்றைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. படிக்கிற காலத்தில் வடக்கே ஒரு பெரிய நிறுவனத்தில் இருந்தாராம். அம்மா ஊரிலிருந்து விபூதியும் பஞ்சாமிர்தமும் அனுப்பிக்கொண்டே இருப்பார்களாம். அறைக்குள் இவர் வந்தால் கோயில் வாசம் வந்துவிட்டது என்று எல்லோரும் சிரிப்பார்களாம். ஒருநாள் கூட்டத்தில் இவருடைய பேராசிரியரே மூக்கைப் பிடித்துக் காட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அம்மா அனுப்பியதைப் பிரிக்காமலேயே வைத்திருந்தாராம். இதை அவர் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார், ஆனால் சட்டம் சிரிப்புக்குப் போட்டதில்லை என்று புரிந்தது. அந்தச் சட்டத்தால் எங்களுக்கு நிம்மதி. நான் ஒட்டுப்போட்ட ஸ்வெட்டரோடு போவேன். யாரும் யாருடைய டப்பாவையும் எட்டிப் பார்க்க மாட்டோம்.

காலை வேலை எப்படி இருக்கும் என்று அந்தப் பெண்கள் கேட்டிருந்தார்கள். சொல்கிறேன். முதலில் வெளியறை. ஷூவைக் கழற்றி, பாதத்துக்கு நீல உறை மாட்டி, வளையல், மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிக் கிண்ணத்தில் போட வேண்டும். கற்றை வளையலில் பட்டால் யார் கண்ணில் போய் விழும் என்று சொல்ல முடியாது. பிறகு உள்ளறையின் ஈரப்பதத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் மலையில் மேகத்துக்கு வாசல், ஜன்னல் என்ற பேதம் கிடையாது. கதவு திறந்திருந்தால் நேராக உள்ளே வந்துவிடும். அதனால் ஈரம் உறிஞ்சும் பெரிய இயந்திரம் ஒன்று ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். அது வெளியறையின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலிருந்து காற்றை இழுத்து, உலர்த்தி, உள்ளறைக்குத் தள்ளும்; அது சுற்றி மறுபடி அங்கேயே வரும். மழைக்காலத்தில் மேல்பழநி மலை முழுவதிலும் உலர்ந்த காற்று அந்த இரண்டு அறைகளில்தான் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, குளிர்நீர் ஓட்டத்தைப் போட்டு, அதன் பிறகு லேசர். மாற்றிப் போட்டால் சார் ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் அன்று முழுக்க லேசரிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் பேசுவார். லேசர் சூடாவதற்குள் கண்ணாடிகளின் மேலுள்ள மூடிகளை எடுத்துவிட வேண்டும். கற்றை கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிவப்பு. அது பட்டால் ஒளிரும் அட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போகிறது என்று பின்தொடர வேண்டும். வழியில் இரண்டு துளைகள். முதல் கண்ணாடியின் திருகைத் திருப்பிக் கிட்டத்துத் துளைக்குள் விட வேண்டும், இரண்டாவது கண்ணாடியைத் திருப்பி எட்டத்துத் துளைக்குள் விட வேண்டும். இரண்டாவதைச் சரிசெய்ததும் முதலாவது கெட்டிருக்கும். திரும்ப முதலிலிருந்து. கெடுவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒரு கட்டத்தில் இரண்டும் ஒத்துக்கொள்ளும். இரண்டாவது துடிப்பைப் பிந்த வைக்கும் தாமதக் கண்ணாடி ஒரு தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும். அது நகரும்போது வெளிச்சப் பொட்டு இம்மியும் அசையக் கூடாது. எல்லாம் கூடி வந்தால் திரையில் முதலில் செங்குத்தாக ஓர் ஏற்றம், அதன் தோளில் நெளிநெளியாக அலை. சார் கையைப் பின்னால் கட்டியபடியே, “வந்துட்டாங்க” என்பார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் வேலை பார்த்தேன் என்றுகூடச் சில நாள் தோன்றியிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ரியாஸ் என்ற பையன் அய்யம்பாளையத்திலிருந்து பிஎச்.டி. செய்ய வந்து சேர்ந்திருந்தார். அவர் வந்த பிறகுதான் தங்கத்தை விட்டு வெள்ளிக்குப் போனோம். வெள்ளிக் கோடுகளில் அலை அருமையாக வந்தது. சுத்தமான, சீக்கிரம் ஓயாத அலை. எல்லோருக்கும் சந்தோஷம். அந்த வருடம் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மழை தொடங்கிக் கொஞ்ச நாளில் ரியாஸ் ஒன்றைக் கவனித்தார். அதே கண்ணாடித் துண்டு, அதே கோடுகள், ஆனால் அலை நொடிக்கு அதிரும் தடவை குறைந்திருந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம் குறைந்தது. அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம்.

எங்கள் பக்கம்தான் தவறு என்று ஆரம்பித்தோம். தாமதக் கண்ணாடி ஓடும் தண்டவாளத்தை அளந்தோம். சரியாக இருந்தது. அறையின் வெப்பநிலையைப் பார்த்தோம். மாறவில்லை. லேசரே கோடுகளைச் சுட்டுக் கெடுக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, லேசரே படாத புதுக் கோடுகளை அறையில் வைத்துக் காத்திருந்து அளந்தோம். அதுவும் குறைந்திருந்தது. கடைசியாக, பழைய தங்கக் கோடுகளை எடுத்துப் பக்கத்தில் வைத்து அளந்தோம். தங்கம் அசையவே இல்லை. முதல் நாள் இருந்தபடியே இருந்தது.

இதில்தான் ரியாஸுக்குத் தூக்கம் போயிற்று. கருவி கெட்டிருந்தால் தங்கமும் குறைய வேண்டும். வெள்ளி மட்டும் தானாக மெதுவாகிறது என்றால், அது இதுவரை யாரும் பார்க்காத ஒன்றாக இருக்கலாம். அவர் சமன்பாடுகள் எழுத ஆரம்பித்தார். நன்றாகவே பொருந்தின. சார் எப்போதும் போல, இப்படி இருப்பதில் வெள்ளிக்கு என்ன வசதி என்று கேட்டுப் பார்த்தார். ரியாஸ் நாலு வாக்கியம் தாண்டியும் தடுமாறாமல் பதில் சொன்னார். அடுத்த மாதம் ஆய்வகத்தை மதிப்பிடக் குழு வருவதாக இருந்தது. ஆய்வகத்தைத் தொடர்ந்து நடத்துவதா, மூடிவிட்டுக் கருவிகளைச் சமவெளிக்கு அனுப்புவதா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். அவர்களுக்கு அனுப்பிய அறிக்கையில் வெள்ளியின் இந்தப் புதுக் குணத்தையே முதல் பக்கத்தில் போட்டார்கள்.

இந்தச் சமயமெல்லாம் அறையில் பூண்டு வாசம் அடித்துக்கொண்டிருந்தது.

இதை நான் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். லேசாக இல்லை. வெளியறைக் கதவைத் திறந்தால் முகத்தில் வந்து மோதும். ஆனால் மழை தொடங்கிய அன்றே சாருக்கு ஜலதோஷம் பிடித்துவிட்டது. வருடா வருடம் பிடிப்பதுதான், அந்த வருடம் மூக்கு அடைத்தது அடைத்தபடியே நின்றுவிட்டது. அவருடைய வீட்டம்மா பூண்டை வேகவைத்துப் பாலில் கரைத்து ஃப்ளாஸ்க்கில் கொடுத்தனுப்புவார்கள். காலையும் மாலையும் சார் அதைக் குடிப்பார். ஆகவே வாசம் எங்கிருந்து வருகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பெரிய மனிதர், உடம்புக்கு முடியவில்லை, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். சட்டமும் இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

ரியாஸும் அப்படியே நினைத்தார் என்று பிறகுதான் தெரிந்தது. திடீரென்று அவர் கைக்குட்டையில் அத்தர் தடவிக்கொண்டு வர ஆரம்பித்திருந்தார். நான் அவர் யாரையோ காதலிக்கிறார் என்று முடிவு செய்து, மனதுக்குள் வாழ்த்தி வைத்திருந்தேன். முருகேசனிடமும் ஒரு மாற்றம். எங்களைப் பார்த்தால் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். பூண்டியிலிருந்து வரும்போதெல்லாம் கேரட்டும் பீன்ஸும் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். எதற்கு என்று கேட்டால் சிரிப்பார். மழைக்காலத்தில் மனிதர்களுக்கு அன்பு கூடும் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

குழு வருவதற்குச் சில நாள் முன்னால், ஒரு காலை நேரம், சார் வெளியறைக்குள் வந்தார். ஷூவைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே நின்றார். நிமிர்ந்தார். மூச்சை இழுத்தார். முந்தின நாள் தைலம் போட்டு ஆவி பிடித்ததில் மூக்கு திறந்துவிட்டது என்று பிறகு சொன்னார். அந்த நேரத்தில் எங்களுக்கு அது தெரியாது.

“ஜெசிந்தாம்மா, இங்க பூண்டு வாசம் வருதுங்களா?”

நான் ரியாஸைப் பார்த்தேன். ரியாஸ் கண்ணாடி மூடி ஒன்றைத் தீவிரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் வருது சார்” என்றேன்.

“எப்ப இருந்து?”

“மழை ஆரம்பிச்சதுல இருந்து சார்.”

“அத்தனை நாளாவா? ஏன் ஒருத்தரும் சொல்லலைங்க?”

ரியாஸ் துடைத்த மூடியையே மறுபடி துடைத்தார். யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். வயதில் மூத்தவள் நான்.

“நீங்கதான்னு நெனச்சோம் சார்” என்றேன்.

சார் ஷூ மாட்டும் பெஞ்சில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். கோபப்படுகிறார் என்று நினைத்தேன், தோள் குலுங்குவதைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று தெரிந்தது. சத்தமில்லாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் போட்ட சட்டம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம் திடீரென்று சிரிப்பு நின்றது.

“ஜெசிந்தாம்மா, வெள்ளிக் கிண்ணத்துல அவிச்ச முட்டையை வெச்சா என்ன ஆகும்?”

“கருத்துப்போகும் சார். கந்தகம்.”

“பூண்டுல?”

ரியாஸ் வந்து சாருக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். பூண்டின் கந்தகம் காற்றில் வந்து வெள்ளிக் கோடுகளின் மேல் மெல்லிசாகக் கருப்பேற்றுகிறது. கருப்பேறினால் கோடு கனக்கும். கனத்தால் அலை மெதுவாகும். தங்கத்தில் கந்தகம் அப்படி ஒட்டாது. எங்கள் மூன்று பேரில் வேதியியல்காரர் ஒருவர் இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே இது முடிந்திருக்கும். இல்லை.

“தம்பி, உங்க சமன்பாடு நல்லாத்தான் இருந்துச்சு” என்று சார் ரியாஸின் முதுகைத் தட்டினார். அது ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை.

வாசம் மேலிருந்து வருவதாகச் சார் சொன்னார். மூக்கு புதிதாகத் திறந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நான் ஏணி போட்டு ஏறி, ஃபால்ஸ் சீலிங்கின் பலகை ஒன்றைத் தள்ளினேன். தள்ளிய வேகத்தில் தாளோடு சேர்த்துக் கட்டிய பூண்டுக் கொத்து ஒன்று நழுவி, ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த ரியாஸின் தலையில் விழுந்தது. அவர் நகரவில்லை. என் ஏணியை விடக் கூடாது என்று நின்றாரா, வாழ்க்கையே அவ்வளவுதான் என்று நின்றாரா என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது கொத்தும் விழுந்தது. தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன். காற்று இழுக்கும் குழாயைச் சுற்றிலும் வரிசை வரிசையாக, ஒரே இடைவெளியில், பூண்டு தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வெள்ளிக் கோடுகள்கூட அவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை.

முருகேசனை உள்ளே கூப்பிட்டோம். பெஞ்சில் இருந்த கொத்துகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அவர் முகத்தில் பயம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

“முருகேசன், இது உங்களோடதுங்களா?” என்று சார் கேட்டார்.

ஆமாம் என்றார். விதைப்பூண்டு என்றார். அடித்த காற்றில் வீட்டுக் கூரை பிய்ந்து, பூண்டைப் பரணில் கட்டிப் புகைபோட வழியில்லாமல் போயிருக்கிறது. மழை விடவில்லை. விதை அழுகிப்போனால் அடுத்த போகத்துக்கு ஒன்றும் இல்லை. நம்ம ஆய்வகத்தில் காற்று காய்ந்து கிடக்கிறதே என்று தோன்றியிருக்கிறது. சீலிங் விளக்கு மாற்ற ஆள் வந்த அன்று ஏணி கைவசம் இருந்ததால் கட்டிவிட்டிருக்கிறார்.

“எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேங்க” என்றார் சார்.

“கேக்கணும்னுதான் இருந்தேங்க. மொத நாளே வாசம் தூக்கிருச்சு. வெள்ளனே நீங்க வருவீங்க, சத்தம் போடுவீங்க, கால்ல விழுந்து கேட்டுக்கிருவோம்னு நின்னேன். நீங்க பாட்டுக்கு உள்ள போயிட்டீங்க. மேடம் போனாங்க, தம்பி போனாரு. ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலை. சரி, ஏழை வெதை கெடக்கட்டும்னு தெரிஞ்சேதான் விட்டுருக்காங்க, இந்த மாதிரி மனுசங்க எங்க கெடைப்பாங்கன்னு வீட்ல சொல்லி, எம் பொண்டாட்டி உங்க மூணு பேரு பேருக்கும் வெளக்குப் போட்டுச்சுங்க.”

கேரட் எதற்கு வந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ரியாஸின் தலைமுடியில் பூண்டுத் தோல் ஒட்டியிருந்தது.

பூண்டை அங்கே வைத்திருக்க முடியாது. வெளியே எடுத்தாலும் மழை. சார் கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் குவார்ட்டர்ஸ் ஹாலில் தொங்கவிடலாம் என்றார். ஸ்டோரில் சும்மா கிடந்த சின்ன ஈர உறிஞ்சி ஒன்றையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு போனார். முருகேசனும் ரியாஸும் கொத்துகளைச் சுமந்துபோய்க் கட்டினார்கள். வீட்டம்மா என்ன சொன்னார்கள் என்று சார் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. செக்யூரிட்டி கம்பெனிக்கு விஷயம் எட்டி, ஆளை மாற்றுகிறோம் என்றார்கள். முருகேசன் ஆய்வகத்துக்கு அவசியம் என்று சார் போனில் அழுத்திச் சொல்லிவிட்டார். எந்த வகையில் அவசியம் என்று அவர்கள் கேட்டதற்குப் பிறகு சொல்கிறேன் என்றார். அப்போது அவருக்கே தெரியாது.

இனி மிச்சம் இருந்தது அறிக்கை. ரியாஸ் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. குழு வரும் நாள் காலையில் சாரிடம் வந்து, வெள்ளிக் கோடுகள் கெட்டுவிட்டன, அந்த முடிவைத் திரும்பப் பெறுகிறோம் என்று மட்டும் சொல்லிவிடலாமா என்று கேட்டார். பொய் இல்லையே என்றார். பூண்டு என்ற சொல்லை மட்டும் விட்டுவிடலாம் என்பதுதான் அவர் ஆசை.

“தம்பி, அவங்க எதனால கெட்டுச்சுன்னு கேப்பாங்க. அப்ப நான் என்ன சொல்லட்டும்? உங்க பேரைச் சொல்லலை. என் சட்டம், என் மூக்கு. நானே சொல்லிக்கிறேன்” என்றார் சார்.

குழுவின் தலைவி வயதான ஒரு விஞ்ஞானி. சிரிக்கவே மாட்டார் என்று பெயர் வாங்கியவர். பூண்டு நடுவே நாலு நாள் குடியிருந்த சார் போட்டிருந்த கோட்டிலிருந்து, இப்போது நிஜமாகவே, அந்த வாசம் அறை முழுக்க வீசியது. குழுவில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எவ்வளவு மரியாதையான மனிதர்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். சார் எழுந்து, அறிக்கையின் முதல் பக்கம் தவறு, காரணம் பூண்டு என்று ஆரம்பித்து, மூக்கடைப்பு, பால், அத்தர், சீலிங் எல்லாவற்றையும் விட்டுவிடாமல் சொன்னார். ஓரிருவர் மேஜைக்குக் கீழே குனிந்தார்கள். தலைவி குனியவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: எவ்வளவு பூண்டுக்கு அலை எவ்வளவு குறைந்தது?

நாங்கள் அளக்கவில்லை. அளக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, கண்ணுக்குத் தெரியாத அளவு கந்தகத்தை உங்கள் கோடுகள் நாள் கணக்கு தவறாமல் எடை போட்டிருக்கின்றன, அதை அளக்காமல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்களே என்றார். போய் அளந்து வாருங்கள், ஆய்வகம் இப்போதைக்கு இங்கேயே இருக்கட்டும் என்றார்.

அளந்தோம். கண்ணாடிக் கூண்டுக்குள் வெள்ளிக் கோடுகளை வைத்து, பக்கத்தில் ஒரு பல், இரண்டு பல், நசுக்கியது, நசுக்காதது, காய்ந்தது, பச்சை என்று வைத்து வைத்து அளந்தோம். மூக்குக்கு எட்டும் முன்பே அலை சொல்லிவிட்டது. அந்த வருடம் முழுக்க எங்கள் விரல்களில் அந்த வாசம் இருந்தது. சார் சட்டத்தைத் திருத்தினார்: ஆள் பற்றிப் பேசக் கூடாது, அறை பற்றிப் பேசலாம். திருத்திய அன்றே, அறையில் அத்தர் அதிகம் என்று நான் ரியாஸிடம் சொன்னேன். அறையில் தேங்காயெண்ணெய்யும் அதிகம் என்று அவர் சொன்னார். முருகேசனுக்கு வேலை நிலைத்தது. பூண்டுக்கு நாங்கள் வேறு யாரிடமும் போகவில்லை. எந்த வகையில் அவசியம் என்று செக்யூரிட்டி கம்பெனி கேட்டதற்குச் சார் அப்போதுதான் பதில் சொன்னார்.

ரியாஸின் ஆய்வேடு அதையே வைத்துத்தான் முடிந்தது. வாய்மொழித் தேர்வை ஆய்வகத்தின் கூட்ட அறையிலேயே நடத்தினார்கள். வெளியிலிருந்து தேர்வாளர் வந்திருந்தார். இப்படிப்பட்ட தேர்வுகளை யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். ஆய்வேட்டின் நன்றியுரையில் தன் பெயரும் பூண்டியின் பெயரும் இருப்பதைக் கேள்விப்பட்டு முருகேசன் யூனிஃபார்மைத் துவைத்துப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். ரியாஸ் ஆங்கிலத்தில் சமன்பாடுகளைப் பொழிந்தார். தேர்வாளர் கடுமையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ரியாஸ் தயங்காமல் பதில் சொன்னார்.

வழக்கப்படி கடைசியில் தேர்வாளர், அவையில் யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டார். யாரும் கேட்கப்போவதில்லை என்பதும் வழக்கம். முருகேசன் எழுந்தார்.

“ஒரு கேள்விங்க. இந்த மழைக்கு அந்த ரூம் கெடைக்குமா?”

அறையில் யாரும் சிரிக்கவில்லை. அவர் அவ்வளவு உண்மையாகக் கேட்டார். சார் எழப் பார்த்தார். தேர்வாளர் கையை நீட்டி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, கேள்விக்கு ஆய்வேடு எழுதியவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். அன்று ரியாஸ் தடுமாறியது அந்த ஒரு கேள்விக்குத்தான். சாரைப் பார்த்தார். சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

“அண்ணே, மழைக்காலம் முழுக்க நாங்க தங்கத்துல வேலை பாக்குறோம். நீங்க தாராளமா கட்டிக்கங்க. ஆனா கார்த்திகை தாண்டி ஒரு நாள்கூடக் கெடக்கக் கூடாது. நாங்க வெள்ளிக்கு வந்துருவோம்.”

தேர்வாளர் கேள்வி கேட்டவர் பக்கம் திரும்பி, பதில் திருப்தியா என்று கேட்டார்.

முருகேசன் கொஞ்சம் யோசித்தார். “வெரசா காஞ்சிரும்ங்க. திருப்திதான்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

தேர்வாளர் பேனாவை எடுத்தார். ரியாஸ் டாக்டரானார்.